கணக்கியல் பட்டப்படிப்புக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கியல் படிக்க விரும்பும் மாணவர்களும் பெற்றோர்களும் பெரும்பாலும் கல்லூரியின் பெயரிலிருந்துதான் தேடலைத் தொடங்குகிறார்கள். ஆனால் இந்தத் துறையில் பட்டம் என்பது தொழில்முறைத் தகுதிக்கு முந்தைய படி. அந்த அடுத்த படி எது என்று முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து கல்லூரியைத் தேடுவதே நல்லது. கீழே உள்ள விடைகள் அனைத்தும் இந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

கல்லூரிகளைப் பார்க்கத் தொடங்கும் முன் எதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்?

படித்து முடித்த பின் எந்த நாட்டில், எந்த வகைப் பணியில் இருக்க விரும்புகிறீர்கள் என்பதை ஓரளவுக்காவது தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பதினேழு, பதினெட்டு வயதில் இதை உறுதியாகச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆயினும் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து பட்டயக் கணக்காளராவது, உற்பத்தி நிறுவனத்தின் அடக்கவிலைப் பிரிவில் பணியாற்றுவது, வரி ஆலோசகராவது, அரசின் கணக்குத் துறைத் தேர்வுகளை எழுதுவது, மேற்படிப்பு படித்துக் கற்பித்தல் பணிக்குச் செல்வது ஆகிய வழிகளில் எவை உங்களுக்கு ஒத்துவரும், எவை ஒத்துவராது என்று பிரித்துப் பார்க்க அந்த வயதிலும் முடியும். இரண்டு வழிகள் மனத்தில் இருந்தால் போதும். அந்த இரண்டுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் கல்லூரி எது என்று தேடலாம்.

பட்டம் மட்டும் போதாதா?

கணக்கெழுதுதல், விலைப்பட்டியல் (பில்) சரிபார்த்தல், சம்பளக் கணக்கு, அலுவலகக் கணக்குப் பிரிவில் தொடக்க நிலைப் பணிகள் ஆகியவற்றுக்குப் பட்டம் போதும். பலர் அதிலேயே அனுபவம் பெற்று நல்ல நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் நிதி அறிக்கைகளைத் தணிக்கை செய்து கையொப்பமிடும் உரிமையைப் பெரும்பாலான நாடுகள் சட்டத்தின் மூலம் ஒரு தொழில்முறை அமைப்பின் உறுப்பினர்களுக்கு மட்டுமே ஒதுக்கியுள்ளன. இந்தியாவில் நிறுவனங்களின் சட்டப்படியான தணிக்கையைப் பட்டயக் கணக்காளரே செய்ய முடியும். அவர்களுக்கான அமைப்பு 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் கீழ் உருவானது. அமெரிக்காவில் அந்த உரிமை மாநிலங்கள் வழங்கும் சிபிஏ (சான்றுபெற்ற பொதுக் கணக்காளர்) உரிமத்தோடு வருகிறது. இலங்கையில் 1959 முதல் இயங்கிவரும் பட்டயக் கணக்காளர் நிறுவனமும், மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியக் கணக்காளர் நிறுவனமும் இவ்வகையில் சேரும். தணிக்கைப் பக்கம் செல்ல விரும்பாதவர்களும் நிதி மேலாளர் போன்ற பதவிகளுக்குப் போட்டியிடும்போது இத்தகைய தகுதி உள்ளவர்களுடன்தான் போட்டியிட வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அங்கீகாரம் என்று பல கல்லூரிகள் பலவற்றைச் சொல்கின்றன. எந்த அங்கீகாரம் முக்கியம்?

மூன்று வகை அங்கீகாரங்கள் உள்ளன. விளம்பரங்களில் மூன்றும் ஒரே வரிசையில் அச்சாவதால்தான் குழப்பம் நேர்கிறது. முதலாவது, பட்டம் வழங்க அரசோ அரசு அமைப்போ தரும் அதிகாரம். இது இல்லாத இடத்தில் படித்தால் அந்தப் பட்டத்தைக் கொண்டு மேற்படிப்புக்கோ அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்க முடியாது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே வெளியிடுகிறது. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

இரண்டாவது, நிறுவனத்தின் தரத்தை மதிப்பிடும் அங்கீகாரம். இந்தியாவில் 1994இல் தொடங்கப்பட்ட நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழு) ஒரு கல்லூரியை முழுமையாக மதிப்பிட்டு அங்கீகாரம் தருகிறது. கணக்கியல் துறையைத் தனியாக மதிப்பிடுவதில்லை. ஆகவே உயர்ந்த தரம் பெற்ற கல்லூரியிலும் கணக்கியல் துறை நலிந்திருக்க வாய்ப்பு உண்டு. வணிகப் பள்ளிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஏஏசிஎஸ்பி 1916இல் தொடங்கியது. அது வணிகப் பள்ளிக்குத் தரும் அங்கீகாரத்துக்கு மேல், கணக்கியலுக்கு மட்டும் தனி அங்கீகாரம் ஒன்றையும் தருகிறது. இரண்டையும் பெற்றுள்ள நிறுவனங்கள் குறைவு. அப்படி ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அதையே குறையாகக் கருத வேண்டியதில்லை.

மூன்றாவது, தொழில்முறை அமைப்புகள் குறிப்பிட்ட ஒரு பட்டத்துக்குத் தரும் அங்கீகாரம். கணக்கியல் மாணவருக்கு நேரடியாகப் பயன் தருவது இதுதான். ஆஸ்திரேலியாவில் சிபிஏ ஆஸ்திரேலியா, சிஏஏஎன்இசட் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பட்டயக் கணக்காளர் அமைப்பு) ஆகிய அமைப்புகள் அங்கீகரித்த பட்டங்களே அவற்றின் தகுதிப் படிப்புக்கு நேர்வழி. மலேசியாவில் எந்தெந்தப் பட்டங்கள் ஏற்கப்படும் என்பது கணக்காளர் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டுள்ளது.

"எங்கள் பட்டம் பெற்றால் தொழில்முறைத் தேர்வில் 9 தாள்களுக்கு விலக்கு" என்கிறார்கள். இதை எப்படிச் சரிபார்ப்பது?

கல்லூரியின் கையேட்டை மூடி வைத்துவிட்டு, விலக்குத் தரும் அமைப்பின் தளத்துக்கே சென்று பார்க்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த பன்னாட்டுக் கணக்காளர் அமைப்பான ஏசிசிஏ நடத்தும் தேர்வை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக இருந்துவரும் அமைப்பில் அதற்கு 13 தாள்கள். தகுந்த பட்டம் உள்ளவர்களுக்கு அவற்றில் முதல் 9 தாள்கள் வரை விலக்குக் கிடைக்கும். இறுதி நிலையில் உள்ள 4 தாள்களுக்கு யாருக்கும் விலக்கு இல்லை. கல்லூரியின் பெயர், பட்டத்தின் பெயர், படித்து முடிக்கும் ஆண்டு ஆகிய மூன்றையும் கொடுத்தால் எத்தனை தாள்களுக்கு விலக்கு என்று அவர்களுடைய தளமே காட்டும். இந்த மூன்றில் ஆண்டைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டு வரை முடிப்பவர்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் வகையில் அமைந்திருக்கும். அது புதுப்பிக்கப்படாவிட்டால் முந்தைய மாணவர்களுக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஏசிசிஏ தன் தேர்வு அமைப்பையும் 2027 முதல் மாற்றியமைக்கிறது. எனவே மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துப் பட்டம் பெறப்போகிறவர் புதிய அமைப்பில் தன் பட்டத்துக்கு என்ன இடம் என்று கல்லூரியிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது.

விலக்கு இலவசம் என்று எண்ணிவிடவும் கூடாது. விலக்குப் பெறும் ஒவ்வொரு தாளுக்கும் பொதுவாகக் கட்டணம் உண்டு. மேலும், விலக்குப் பெற்ற தாளில் உள்ள பாடத்தைக் கல்லூரி மேலோட்டமாகவே நடத்தியிருந்தால், அதன்மேல் எழும்பும் உயர்நிலைத் தாளில் மாணவர் தடுமாறுவார். ஒன்பது தாள்களுக்கு விலக்கு வாங்கித் தரும் கல்லூரியைவிட, ஐந்து தாள்களுக்கு வாங்கித் தந்து மற்ற நான்கையும் முதல் முயற்சியில் எழுதித் தேறும் அளவுக்குக் கற்பிக்கும் கல்லூரி மேலானது என்பது என் உறுதியான கருத்து.

மற்ற நாடுகளின் விதிகள் வேறு வடிவில் உள்ளன. இந்தியப் பட்டயக் கணக்காளர் படிப்பில் வணிகவியல் பட்டதாரிகள் 55 விழுக்காடும், பிற பட்டதாரிகள் 60 விழுக்காடும் பெற்றிருந்தால் அடிப்படைத் தேர்வை எழுதாமல் இடைநிலைக்கு நேரடியாகச் சேரலாம். இங்கே கல்லூரியின் பெயருக்கு எந்தப் பங்கும் இல்லை. மதிப்பெண் மட்டுமே கேட்கப்படுகிறது. அமெரிக்காவில் சிபிஏ உரிமத்துக்கு நெடுங்காலமாக 150 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) கல்லூரிப் படிப்பு கேட்கப்பட்டு வந்தது. நான்காண்டுப் பட்டம் பொதுவாக 120 கிரெடிட்டே தருவதால் மாணவர்கள் கூடுதலாக ஓராண்டு படிக்க நேர்ந்தது. 2025 முதல் ஒஹையோ உள்ளிட்ட மாநிலங்கள், இளநிலைப் பட்டத்துடன் இரண்டு ஆண்டு அனுபவம் என்ற மாற்று வழியையும் சட்டமாக்கத் தொடங்கியுள்ளன. அங்கே படிக்கச் செல்கிறவர், தான் பணியாற்ற எண்ணும் மாநிலத்தின் விதியைப் பார்த்த பிறகே ஐந்தாண்டுப் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும்.

பி.காம்., கணக்கியலில் பி.எஸ்சி., பி.பி.ஏ. ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயரைவிட, மொத்தப் பாடங்களில் கணக்கியல் தொடர்பானவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே வழி. ஒரே பெயருள்ள பட்டத்தில் ஓரிடத்தில் நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நிறுவனக் கணக்கியல், தணிக்கை, வரி ஆகிய ஆறும் தனித்தனிப் பாடங்களாக இருக்கும். இன்னோரிடத்தில் இரண்டு பாடங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். பி.பி.ஏ. போன்ற மேலாண்மைப் பட்டங்களில் இது அடிக்கடி நிகழும். தொழில் தொடங்க எண்ணுகிறவருக்கு அந்தப் பரப்பு பயன்படலாம். தொழில்முறைத் தேர்வு எழுதப்போகிறவருக்கு அது போதாது.

பாடத்திட்டம் காலத்துக்கேற்ப உள்ளதா என்பதை, இன்னும் கணக்கியலே படிக்காத மாணவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் பாடத்திட்டத்தை வெளியிடுகின்றன. அதில் குத்தகை பற்றிய பகுதியைத் தேடிப் பாருங்கள். நிறுவனங்கள் கணக்கு அறிக்கை தயாரிக்கப் பின்பற்றும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களில் (ஐஎஃப்ஆர்எஸ்) குத்தகைக்கு முன்பு இருந்தது ஐஏஎஸ் 17. அதற்குப் பதிலாக ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற தரம் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய முறையில், ஒரு நிறுவனம் கட்டடத்தை ஐந்து ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தால் ஆண்டுதோறும் கட்டும் வாடகையைச் செலவாக எழுதினால் போதும் என்ற நிலை பெரும்பாலும் இருந்தது; ஐந்தாண்டு வாடகைக்குக் கட்டுப்பட்டிருப்பது, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் தெரியாது. புதிய முறையில், ஓராண்டுக்கு உட்பட்டவை போன்ற சில விலக்குகள் தவிர, குத்தகை தொடங்கும் நாளிலேயே எதிர்கால வாடகையின் இன்றைய மதிப்பைக் கடனாகவும், கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும் காட்ட வேண்டும். ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தில் குத்தகைக்கு இன்னும் ஐஏஎஸ் 17 மட்டுமே இருந்தால், அந்தத் துறையில் பல ஆண்டுகளாக யாரும் பாடத்திட்டத்தைக் கையில் எடுக்கவில்லை என்று பொருள். இதுபோலவே வருவாயைப் பதிவு செய்வதற்கு ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற தரம் 2018 முதல் உள்ளது. 2024 ஏப்ரலில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 18, இலாப நட்டக் கணக்கின் அமைப்பையே மாற்றி 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. இன்று சேரும் மாணவர் வேலைக்குச் செல்லும்போது அந்தப் புதிய அமைப்பில்தான் அறிக்கை தயாரிக்க வேண்டியிருக்கும். இந்தத் தரத்தை எந்தப் பருவத்தில் நடத்துகிறீர்கள் என்று துறைத் தலைவரிடம் கேட்பதில் தவறில்லை. நல்ல துறைத் தலைவர் அந்தக் கேள்விக்கு மகிழ்வார்.

உங்கள் நாடு தனக்கெனத் தரங்களை வைத்திருந்தாலும் இந்தச் சோதனை பொருந்தும். இந்தியாவின் இன்ட் ஏஎஸ் தரங்களில் குத்தகைக்கான 116ஆம் எண் தரம் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அமெரிக்கா தனக்குரிய கணக்கியல் கோட்பாடுகளைப் பின்பற்றுகிறது. அங்கும் குத்தகையைப் பற்றிய விதி ஏறத்தாழ அதே காலத்தில் மாறியது.

தணிக்கைப் பாடத்துக்கு வேறொரு சோதனை உண்டு. 2009இல் இந்தியாவின் சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் கணக்கிலும், 2020இல் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்தின் கணக்கிலும், வங்கியில் இருப்பதாகக் காட்டப்பட்ட பெருந்தொகை உண்மையில் இல்லை என்று தெரியவந்தது. வயர்கார்டில் அந்தத் தொகை 190 கோடி யூரோ. வங்கி இருப்பை நிறுவனம் தரும் தாளை நம்பி ஏற்காமல், வங்கியிடமிருந்தே நேரடியாக உறுதிப்படுத்தல் பெற வேண்டும் என்பது தணிக்கையின் அடிப்படைப் பாடம். இத்தகைய நிகழ்வுகளை எடுத்துவைத்து, தணிக்கையாளர் எந்த இடத்தில் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று வகுப்பில் அலசும் கல்லூரியில் படிக்கும் மாணவர், வரையறைகளை மனப்பாடம் செய்யும் மாணவரைவிட வெகு தூரம் முன்னே இருப்பார்.

ஆசிரியர்களின் தரத்தை வெளியிலிருந்து மதிப்பிட முடியுமா?

முடியும். ஆனால் கல்லூரித் தளத்தில் உள்ள பட்டங்களின் பட்டியலை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது. முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், வரியையும் தணிக்கையையும் நடத்துகிறவர்களில் அந்தத் தொழிலைச் செய்தவர்கள் யாரேனும் உண்டா, கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேர் பணியை விட்டுச் சென்றார்கள் ஆகியவற்றைக் கேட்கலாம். தொழிலில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை வந்து பாடம் நடத்துவது நல்லதுதான். ஆனால் கணக்குத் தாக்கல் செய்யும் மாதங்களில் அவர்களால் வகுப்புக்கு வர இயலாது என்பதால், அவர்களை மட்டுமே நம்பியிருக்கும் துறையில் பாடங்கள் அரைகுறையாக நிற்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நம்பகமான ஒரு வழி உண்டு. அங்கே படிக்கும் மாணவர் ஒருவரிடம், திருத்தித் தரப்பட்ட விடைத்தாள் ஒன்றைக் காட்டும்படி கேளுங்கள். பணப்பாய்வு அறிக்கை தயாரிக்கும் கணக்கில், தேய்மானத்தை இலாபத்துடன் மீண்டும் கூட்ட வேண்டிய இடத்தில் மாணவர் கழித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் அந்த வரியின் மேல் சிவப்புக் கோடும் பூச்சியமும் மட்டும் இருக்கும். இன்னொரு தாளில், "இது பணம் வெளியே போகாத செலவு; இலாபம் கணக்கிடும்போது ஏற்கெனவே கழித்துவிட்டோம்" என்று ஓரத்தில் எழுதி, அந்தப் பிழையைத் தொடர்ந்து வந்த அடுத்த படிகள் சரியாக இருப்பதால் அவற்றுக்கு உரிய மதிப்பெண்ணும் தரப்பட்டிருக்கும். இரண்டாவது தாளைத் திருத்தியவரிடம் படிக்கக் கிடைப்பது பெரும் பேறு.

கல்லூரியில் எந்த மென்பொருள்களைக் கற்பிக்க வேண்டும்?

எக்செல் கட்டாயம், அதுவும் தனிச் சான்றிதழ் வகுப்பாக ஒதுக்கப்படாமல், அடக்கவிலை, நிதி மேலாண்மை ஆகிய பாடங்களின் கணக்குகளையே அதில் செய்ய வைக்க வேண்டும். உங்கள் வட்டாரத்துச் சிறு நிறுவனங்கள் பயன்படுத்தும் டாலி, குவிக்புக்ஸ் போன்ற ஒரு கணக்கு மென்பொருளில் பழக்கமும், எஸ்ஏபி போன்ற பெருநிறுவன மென்பொருளைப் பற்றிய அறிமுகமும் இருந்தால் நல்லது. ஆய்வகத்தில் எத்தனை கணினிகள் உள்ளன என்பதைவிட, ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் இருவழிப் பதிவைக் கையால் எழுதப் பழகிய பிறகு மென்பொருளுக்குச் செல்கிறார்களா என்பதைப் பாருங்கள். பற்று, வரவுக் கூட்டுத்தொகைகளை ஒப்பிடும் இருப்பாய்வு ஒத்துவராதபோது எங்கே தேடுவது என்பது கையால் எழுதியவருக்கே எளிதில் பிடிபடும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட நிலையில் கணக்கியல் படிப்பதில் பயன் உண்டா?

விலைப்பட்டியல்களைப் படித்துப் பதிவது, வங்கி அறிக்கையுடன் ஒப்பிடுவது போன்ற வேலைகள் வேகமாகத் தானியங்கி முறைக்கு மாறி வருகின்றன. அவற்றை மட்டும் கற்பிக்கும் படிப்புக்கு எதிர்காலம் குறைவு. ஆனால் கணக்கியலில் மதிப்பீடு செய்து முடிவெடுக்க வேண்டிய இடங்கள் ஏராளம். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய கடனில் எவ்வளவு வராமல் போகும் என்று முன்கூட்டியே கணித்து ஒதுக்கும்படி ஐஎஃப்ஆர்எஸ் 9 கேட்கிறது. அந்தக் கணிப்பில் எந்தத் தரவை ஏற்பது, எதை ஒதுக்குவது என்று சொல்லி, அதற்குக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும். அமெரிக்க சிபிஏ தேர்வு 2024 ஜனவரியில் மாற்றியமைக்கப்பட்டபோது, மூன்று பொதுத் தாள்களோடு மாணவர் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் தாள்களில் ஒன்றாகத் தகவல் அமைப்புகளும் கட்டுப்பாடுகளும் சேர்க்கப்பட்டன. தேர்வு நடத்துகிறவர்கள் எந்தத் திசையில் பார்க்கிறார்கள் என்பதற்கு இது அடையாளம். எனவே புள்ளியியல், தரவுப் பகுப்பாய்வு, தகவல் அமைப்புத் தணிக்கை ஆகியவற்றுக்கு உண்மையான இடம் தரும் கல்லூரியைத் தேடுங்கள்.

பிளேஸ்மென்ட் விவரங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அது எதைக் கொண்டு வகுக்கப்பட்டது என்று கேட்பது கணக்கியல் மாணவருக்கு வேண்டிய முதல் பழக்கம். கல்லூரி தேடும்போதே அதைத் தொடங்கிவிடலாம். ஒரு வகுப்பில் 120 பேர் படிக்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பதிவு செய்தவர்கள் 50 பேர். வேலை பெற்றவர்கள் 45 பேர் என்று கொள்வோம். கல்லூரி 90 விழுக்காடு என்று விளம்பரம் செய்யலாம். அதில் பொய் இல்லை. ஆனால் மொத்த வகுப்பில் அது 37.5 விழுக்காடுதான். மீதமுள்ளவர்கள் மேற்படிப்புக்குச் சென்றார்களா, பதிவு செய்யவே தகுதி பெறவில்லையா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

சராசரிச் சம்பளமும் அப்படியே. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மாதம் 20 ஆயிரமும் ஒருவருக்கு 2 இலட்சமும் கிடைத்தால் சராசரி 38 ஆயிரம் என்று வரும். அந்தச் சம்பளம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலைத் தொகையைக் கேளுங்கள். பதவியின் பெயரையும் கேளுங்கள். கணக்கியல் பட்டதாரிகளைத் தொலைபேசி விற்பனைக்கோ வாடிக்கையாளர் சேவைக்கோ எடுத்துக்கொண்ட நிறுவனங்களும் இந்தப் பட்டியலில் இருக்கும். தணிக்கை நிறுவனங்கள், நிறுவனங்களின் நிதிப் பிரிவுகள், வரி அலுவலகங்கள் ஆகியவற்றுக்குச் சென்றவர்கள் எத்தனை பேர் என்பதே உங்களுக்கு வேண்டிய எண்.

தொழில்முறைத் தேர்வுகளில் தேறிய முன்னாள் மாணவர்களின் விவரத்தை வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு. வைத்திருந்தால், அந்தத் துறை தன் மாணவர்களைப் பட்டத்தோடு கைவிட்டுவிடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்டர்ன்ஷிப் பற்றி என்ன கேட்க வேண்டும்?

அது பாடத்திட்டத்தின் பகுதியாக மதிப்பெண் பெறுகிறதா, மாணவரே இடம் தேடிக்கொள்ள வேண்டுமா, எந்த மாதங்களில் நடக்கிறது ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நிதியாண்டு முடிவை ஒட்டிய மாதங்களில் தணிக்கை நிறுவனத்தில் இருக்கும் மாணவர், சரக்கிருப்பை எண்ணுவதையும் வவுச்சர்களைச் சரிபார்ப்பதையும் நேரில் பார்க்கிறார். வேலை ஓய்ந்த மாதங்களில் செல்பவருக்குக் கோப்புகளை அடுக்கும் பணியே கிடைக்கும். தொழில்முறைப் படிப்பிலேயே கட்டாயப் பயிற்சி இருக்கும் நாடுகளில், பட்டப்படிப்பின் காலமும் அந்தப் பயிற்சியின் காலமும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தின்படி பட்டயக் கணக்காளர் மாணவருக்கான ஆர்டிகல்ஷிப் எனும் கட்டாயப் பயிற்சி மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. பழைய கணக்கை வைத்துத் திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பள்ளியில் வணிகப் பாடம் படிக்காதவர்களும், கணிதத்தில் தயக்கம் உள்ளவர்களும் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். கணக்கியலுக்குக் கூட்டல், கழித்தல், விழுக்காடு, விகிதம், எளிய இயற்கணிதம் ஆகியவையே பெரும்பாலும் தேவைப்படுகின்றன. பின்னாளில் புள்ளியியலும் கூட்டு வட்டிக் கணக்கும் சேரும். இவற்றைவிட, ஒழுங்காக எழுதும் பொறுமையும், ஒத்துவராத எண்ணை ஒத்துவரும்வரை விடாமல் தேடும் குணமும் இங்கே அதிகம் வேண்டும். வணிகப் பாடம் படிக்காதவர்களுக்காக முதல் பருவத்தில் அடிப்படை வகுப்பு நடத்தும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பற்று, வரவு விதிகள் முதல் மாதத்தில் பிடிபடாமல் போனால் பின்வரும் ஒவ்வொரு பாடமும் கடினமாகவே தோன்றும்.

தாய்மொழி வழியில் படித்தவர்களுக்கு ஆங்கில வழிக் கல்லூரி சரிவருமா?

தொழில்முறைத் தேர்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடப்பதால், ஒரு கட்டத்தில் அந்த மொழியைக் கையாள வேண்டியிருக்கும். எனினும் முதல் ஆண்டில் கருத்தைத் தாய்மொழியில் விளக்கி, கலைச்சொல்லை ஆங்கிலத்தில் பழக்கும் ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரி இத்தகைய மாணவர்களுக்கு ஏற்றது. மொழி பிடிபடாமல் போனதைக் கணக்குப் பிடிபடவில்லை என்று தவறாக எண்ணி, நல்ல மாணவர்கள் ஒதுங்கிவிடுவதைப் பார்க்க மனம் வருந்துகிறது.

இணையவழி, தொலைநிலைப் பட்டங்கள் ஏற்கத்தக்கவையா?

நடத்தும் நிறுவனத்துக்கு அந்த முறையில் பட்டம் வழங்கத் தனி அனுமதி இருந்தால் ஏற்கத்தக்கவை. நேரடி வகுப்புக்கு உள்ள அனுமதி இணையவழிக்கும் செல்லும் என்று கொள்ளக் கூடாது. தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே படிக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, வேலையும் இன்றி, வீட்டிலிருந்தபடி படிப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேட்டுத் தெளிவுபெற ஆளில்லாத சூழலில் கணக்கியலில் சிறு ஐயங்கள் குவிந்துவிடும்.

கட்டணத்தை ஒப்பிடும்போது எதையெல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்?

கல்லூரிக் கட்டணத்தோடு தங்குமிடம், தொழில்முறை அமைப்பில் பதிவு, விலக்குக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தனிப்பயிற்சி வகுப்பு ஆகிய அனைத்தையும் தகுதி பெறும் நாள்வரை கூட்டிப் பார்க்க வேண்டும். கல்லூரிக்கே சேமிப்பு முழுவதையும் செலவழித்துவிட்டு, தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் இல்லாமல் தகுதிப் படிப்பைப் பாதியில் நிறுத்துவது மிகக் கொடிய இழப்பு. உதவித்தொகை தருகிறார்கள் என்றால், அது ஆண்டுதோறும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

புகழ்பெற்ற கல்லூரியில் வேறு பாடமும், சாதாரணக் கல்லூரியில் கணக்கியலும் கிடைத்தால் எதை ஏற்பது?

கணக்கியலில் உறுதியாக இருப்பவர், மேலே சொன்ன சோதனைகளில் தேறும் சாதாரணக் கல்லூரியை ஏற்கலாம். தொழில்முறைத் தேர்வின் விடைத்தாளில் கல்லூரியின் பெயர் எழுதப்படுவதில்லை. புகழ்பெற்ற கல்லூரியின் நன்மை, உடன் படிப்பவர்களின் தரத்திலும் நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களிலும் இருக்கிறது. கணக்கியலைப் பற்றி இன்னும் முடிவுக்கு வராதவருக்கு அந்த நன்மை பெரிது. பெரும்பாலான நாடுகளில் வேறு பட்டம் பெற்றவர்களும் கூடுதல் தாள்களை எழுதி இந்தத் தொழிலுக்கு வர வழி இருப்பதால், அவர் எதையும் நிரந்தரமாக இழந்துவிடுவதில்லை.

சேர்ந்த பிறகு கல்லூரி சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது?

முதல் ஆண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டால், படித்த பாடங்களின் மதிப்பெண்ணை ஏற்கும் வேறு கல்லூரிக்கு மாற முடியுமா என்று விசாரிக்கலாம். அதற்குப் பிறகு மாறுவது பெரும்பாலும் ஓராண்டு இழப்பில் முடியும். அந்த நிலையில், தொழில்முறை அமைப்பில் உடனே பதிவு செய்துகொண்டு, அதன் பாடநூல்களையும் முந்தைய வினாத்தாள்களையும் அடிப்படையாக வைத்துப் படிக்கத் தொடங்குவதே நல்ல தீர்வு. ஏசிசிஏ தன் முந்தைய வினாக்களையும் தேர்வாளர்களின் அறிக்கைகளையும், இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் பாடநூல்களையும் இணையத்தில் கட்டணமின்றி வெளியிடுகின்றன. அவற்றோடு, சேர்ந்து படிக்க நண்பர்கள் இரண்டு மூன்று பேரும், ஐயம் கேட்க ஓர் ஆசிரியரும் கிடைத்துவிட்டால் அதே கல்லூரியில் இருந்தபடியே படிப்பை முடித்துவிடலாம்.